பிள்ளைப் பருவமும் கலைப் பயிற்சியும்

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியை அடுத்துள்ளது சேவூர். தறியின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளரும் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. உத்ஸவ காலத்தில் நாகசுரமும் தவிலும் முன்னே முழங்க, எம்பெருமான் வீதியில் எழுந்தருளும்போது, தந்தையின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தை தன்னையறியாமல் அவர் தலைமேல் தாளம் தட்டுவதைச் சேவிக்க வந்த அன்பர்கள் அனைவரும் கண்டிருப்பர். அத்தாளத்தை அக்குழந்தைக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. மொழி திருந்துவதற்கு முன்பே தாளம் உள்ளத்தில் குடிபுகுந்துவிடுகிறது.

அதே குழந்தை பள்ளி செல்லத் தொடங்கிய சில ஆண்டுகளில் அந்தக் கை ஓய்ந்துவிடுகிறது. பாட்டும் படமும் கூத்தும் படிப்பைக் கெடுக்கும் என்னும் அச்சம் பெற்றோரைப் பற்றிக்கொள்கிறது. இவ்வச்சம் வெறும் அறியாமையால் எழுந்ததன்று. தறியில் கூலிக்கு நெய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் தந்தையர்க்கு மதிப்பெண்ணே ஏணி. அவ்வேணியின் ஒரு படியையும் இழக்க அவர்கள் துணியார். ஆகவே, கலைப் பயிற்சி பிள்ளையின் வளர்ச்சிக்கு உண்மையில் துணை செய்கிறதா, செய்யுமாயின் எவ்வகையில் செய்கிறது என்பது ஆராயத்தக்கது. புகழ்ச்சி மொழிகளைத் தவிர்த்து, நடந்த செய்திகளைக் கொண்டே அதனை இங்குக் காணலாம்.

நாதமுனிகள் காட்டிய நெறி

வைணவ மரபில் இக்கேள்விக்குப் பழமையான விடை ஒன்று உண்டு. காட்டுமன்னார்கோயில் எனப்படும் வீரநாராயணபுரத்தில் அவதரித்த ஸ்ரீமந் நாதமுனிகள், மறைந்து கிடந்த ஆழ்வார்களின் அருளிச்செயலை மீட்டருளினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். மீட்ட பாசுரங்களை ஏட்டில் எழுதிப் பேழையில் வைத்துப் பூட்டுவதோடு அவர் நிற்கவில்லை. அவற்றைப் பண்ணிலும் தாளத்திலும் அமைத்து, தம் சகோதரியின் குமாரர்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் பயிற்றுவித்தார். அரும்பெரும் செல்வம் ஒன்றைக் காக்க வேண்டிய நிலையில் அப்பெரியவர் நாடிய இடம் அடுத்த தலைமுறையினரின் குரலும் நினைவுமே ஆகும். பண்ணோடு சேர்ந்த சொல் மறவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அவ்வழியில் வந்ததே அரையர் சேவை. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை ஆகிய திருத்தலங்களில் இன்றும் அது நிகழ்கிறது. அரையர் மரபில் பிறந்த சிறுவன் தந்தையின் அருகில் நின்று கேட்டே பாடமும் இசையும் அபிநயமும் கற்கிறான். குழித்தாளம் கையில் ஏறும்போதே பொருளும் மனத்தில் ஏறுகிறது. மார்கழி விடியலில் திருப்பாவை முப்பதும் சொல்லிப் பழகிய சிறுமியரை நோக்கினாலும் இது விளங்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பருவத்திலேயே முப்பது பாசுரங்களையும் முறை பிறழாமல் ஒப்பிக்கும் ஆற்றல் அவர்களுக்கு இசையின் துணையால் அன்றோ வாய்க்கிறது?

கூத்தாடிய சிறுவனும் குருகுலமும்

இனி அண்மைக் காலத்துக்கு வருவோமாயின், ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் வழங்கும் கூத்துக் கலை நல்லதோர் எடுத்துக்காட்டாய் நிற்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறுவதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். அந்தப் பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் வைணவர் என்பதும், கதை முழுவதும் கண்ணபிரானின் திருவருளே ஊடுசரடாய் ஓடுகிறது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. செய்யாற்றை அடுத்த புரிசை, கூத்துக்குப் பேர்போன ஊர். அவ்வூரைச் சேர்ந்த கண்ணப்பத் தம்பிரானிடம் சென்னையின் நாடகக் கலைஞர்களும் வந்து கற்றனர்.

கூத்தின் புகழ் ஒருபுறம் இருக்க, அதில் பிள்ளைகள் பட்ட துன்பமும் உண்டு. கூத்துக் குழுவில் சேர்ந்த சிறுவன் இரவெல்லாம் கண்விழித்து ஆட வேண்டும். பொழுது புலர்ந்ததும் பள்ளியில் அவனால் அமர இயலாது. ஆகவே, கூத்தைக் கற்றவன் படிப்பை விடுவதும், படிப்பைக் கற்றவன் கூத்தை விடுவதும் வழக்கமாயின. பெ. இராஜகோபால் என்னும் கூத்துக் கலைஞரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1953ஆம் ஆண்டு பிறந்த அவர், தம் தந்தையிடம் பயின்று பத்து வயதளவிலேயே அரங்கேறினார். பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. தாம் இழந்ததை அடுத்த தலைமுறை இழக்கலாகாது என்னும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று.

1990ஆம் ஆண்டு கலைஞர்கள் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் கண்ணாடி பதித்த மர அணிகலன்களுக்குக் கட்டை என்று பெயர். அதனால் இக்கூத்தைக் கட்டைக்கூத்து என்பர். இராஜகோபாலும், நெதர்லாந்து நாட்டிலிருந்து வந்து இக்கலையை ஆராய்ந்தவரும் அவருடைய வாழ்க்கைத் துணைவியுமான ஹன்னே டி புரூயின் அம்மையாரும் முன்னின்று, 2002ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துக் குருகுலத்தை நிறுவினர். பள்ளிப் பாடமும் கூத்துப் பயிற்சியும் அங்கு ஒரே கூரையின் கீழ் நடந்தன. பிள்ளைகள் அங்கேயே தங்கி உண்டு பயின்றனர். வறிய குடும்பத்துப் பிள்ளைகளே அவர்களுள் மிகுதி.

அக்குருகுலம் செய்த மற்றொரு காரியம் பெரிதும் போற்றத்தக்கது. கூத்து ஆடவர்க்கே உரியதாக இருந்து வந்தது; பெண் வேஷத்தையும் ஆடவரே கட்டினர். குருகுலத்திலோ சிறுமியர்க்கும் சிறுவர்க்கும் ஒரே பயிற்சி. அங்குப் பயின்ற பெண்கள் விடிய விடிய நடைபெறும் முழு இரவுக் கூத்தையும் ஆடிக் காட்டினர். சபையில் வாய் திறந்து பேசவும் கூசிய சிறுமி, ஊரார் நடுவே குரலெடுத்துப் பாடி வீர வேஷம் ஆடினாள் எனில், அவள் பெற்றது கலை மட்டுமன்று. தன் குரலுக்கு உலகில் இடமுண்டு என்னும் துணிவுமாகும்.

பதினெட்டு ஆண்டுகள் நடந்த அக்குருகுலம் 2020ஆம் ஆண்டு மூடப்பட்டது. நல்ல காரியங்கள் யாவும் என்றும் நிலைத்திருப்பதில்லை. ஆயினும் கலையையும் கல்வியையும் ஒரு பிள்ளை ஒருசேரப் பெற முடியும் என்பதை அது காட்டிச் சென்றது. இரண்டில் ஒன்றை விட்டே தீரவேண்டும் என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

வேஷம் கட்டும் பிள்ளை கற்பது என்ன?

கூத்துப் பயிலும் சிறுவனின் பயிற்சியைச் சற்றே நெருங்கி நோக்கினால், அவனுள் நிகழும் வளர்ச்சி தெளிவாகும். முதலாவது, கேட்கும் திறன். மிருதங்கமும் டோலக்கும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒலிக்க, பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பதைப் பிடித்துக்கொண்டு அவன் தன் அடியைப் பாட வேண்டும். பிறரைக் கேளாதவன் அங்கு ஒரு கணமும் நிற்க இயலாது. இரண்டாவது, பொறுமை. தன் முறை வரும் வரையில் காத்திருக்கவும், வந்தபின் தயங்காது தொடங்கவும் அவன் பழகுகிறான். மூன்றாவது, நினைவு. பாட்டும் வசனமும் அடவும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலால், ஒன்றை மறந்தாலும் மற்றொன்று கைகொடுத்து மீட்கிறது.

நான்காவது, எல்லாவற்றினும் சிறந்தது. பிறர் நெஞ்சில் புகுந்து பார்க்கும் பழக்கம் அது. துகிலுரிதல் கூத்தில் திரௌபதியாய் நின்ற பிள்ளை, நிறைந்த சபையில் ஒருத்தி ஆதரவற்று நிற்பது எத்தகையது என்பதைத் தன் உடலால் அறிகிறது. இரு கைகளையும் உயர்த்திக் கண்ணனை அழைக்கும் அக்கணத்தில், சேலை வளர்ந்துகொண்டே போகும் அற்புதத்தைக் கண்டு ஊரார் மெய்சிலிர்ப்பர். சேலையையே நெய்து வாழும் ஊரில் அக்காட்சிக்கு உள்ள பொருள் வேறெங்கும் இராது. அதே பிள்ளை மறுநாள் துரியோதனனாக வேஷம் கட்டுகிறது. செருக்கு ஒருவனை உள்ளிருந்து எவ்வாறு தின்கிறது என்பதை அப்போது உணர்கிறது. நன்னெறிப் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு விடை தெரியும். வேஷம் கட்டிய பிள்ளைக்கோ வலி தெரியும்.

ஆராய்ச்சியாளர் கூறுவன

கலைப் பயிற்சியின் பயனைப் பற்றி உலகெங்கும் பலர் ஆராய்ந்துள்ளனர். மிகைப்படுத்திப் பேசுவோரும் உண்டு. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில், மொசார்ட் என்னும் மேலைநாட்டு இசைமேதையின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒருவகைத் தேர்வில் சற்று மேம்பட்டனர் என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. அப்பயன் சில நிமிடங்களே நீடித்தது. அதனைக் கொண்டு, இசை கேட்டாலே குழந்தைகள் அறிவாளிகளாவர் என்ற பேச்சு பரவிற்று. 1998ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறந்த குழந்தைகள் அனைவர்க்கும் இசைத்தட்டு வழங்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு அது சென்றது. பின்னர் நடந்த ஆய்வுகள் அந்நம்பிக்கைக்கு ஆதரவு தரவில்லை. காதில் விழுவதாலேயே கலை பயன் தந்துவிடாது. கற்பதாலேயே பயன் விளையும்.

கற்பதன் பயனை அறியக் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் கிளென் ஷெல்லன்பர்க் என்பவர் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் கொண்டு ஆய்வு நடத்தி, 2004ஆம் ஆண்டு வெளியிட்டார். சிலர் இசைக்கருவியும், சிலர் வாய்ப்பாட்டும், சிலர் நாடகமும் ஓராண்டு கற்றனர். சிலர் ஒன்றும் கற்கவில்லை. அறிவுத்திறன் அளவெண் எல்லாப் பிள்ளைகளுக்குமே உயர்ந்தது. இசை கற்றோர்க்குச் சராசரியாக 7 அளவும், மற்றவர்க்கு 4 அளவும் ஏறிற்று. இவ்வேறுபாடு சிறிதே. பிற்காலத்தில் பல ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட அறிஞர் சிலர், இதுவும் உறுதியானதன்று என்றனர். ஆனால் நாடகம் கற்ற பிள்ளைகள் பிறரோடு பழகும் பண்பில் மேம்பட்டனர் என்பதை அந்த ஆய்வே குறிப்பிட்டது. கூத்தைப் பற்றி மேலே கூறியதோடு இது பொருந்துதல் காண்க.

2010ஆம் ஆண்டு ஜெர்மனியில், நான்கு வயதுக் குழந்தைகள் 96 பேரை இருவர் இருவராகச் சேர்த்து விளையாடச் செய்தனர். சேர்ந்து பாடி ஆடித் தாளம் தட்டிய குழந்தைகள், இசையின்றி அதே விளையாட்டை ஆடிய குழந்தைகளைக் காட்டிலும் பின்னர் ஒருவர்க்கொருவர் மிகுதியாக உதவினர். பஜனை கோஷ்டியிலும் கோலாட்டத்திலும் சேர்ந்து பழகியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்டு நடந்த ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. எப்பள்ளிக்குக் கலைக் கல்வியை மிகுதியாக அளிப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தமையால் அதன் முடிவுக்கு மதிப்பு அதிகம். கலை பயின்ற பள்ளிகளில் ஒழுங்கு மீறித் தண்டனை பெற்ற மாணவரின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் திறனும், பிறர்பால் இரக்கமும் கூடின. கணக்கு, வாசிப்பு ஆகியவற்றின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை, குறையவும் இல்லை.

இவற்றால் பெறப்படுவது யாது? கலை கற்றால் மதிப்பெண் மழையாய்ப் பொழியும் என்று பெற்றோர்க்கு வாக்களிப்பது நேர்மையாகாது. படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சுவதற்கும் காரணமில்லை. கேட்கவும், காத்திருக்கவும், சேர்ந்து இயங்கவும், பிறர் துயரை அறியவும் பிள்ளை கற்றுக்கொள்கிறது. இவை மதிப்பெண் பட்டியலில் ஏறா. வாழ்நாள் முழுவதும் வேண்டப்படுபவை இவையே.

தறியும் கலைக்கூடமே

சேவூர் போன்ற நெசவூரில் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. நெசவும் கலையே. மாங்காயும் அன்னமும் மயிலும் முந்தியில் மலர்வதற்கு முன், அவை கட்டம் போட்ட தாளில் படமாக வரையப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் நூலின் கணக்கைக் குறிக்கும். அக்கணக்கின்படி அட்டையில் துளையிட்டு ஜக்கார்டு பெட்டியில் கோத்தால், மிதிக்குந்தோறும் உரிய பாவு நூல்கள் உயர்ந்து, ஊடை இழை ஓடி, உருவம் பிறக்கிறது. ஓவியமும் கணிதமும் கைத்திறனும் இவ்வாறு ஓரிடத்தில் கூடுவது அரிது. தன் தந்தை நெய்யும் புட்டாவைக் கட்டத் தாளில் வரைந்து பார்க்கும் பிள்ளை, அளவையும் விகிதத்தையும் விளையாட்டாகவே கற்றுவிடுகிறது.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகளைத் தறியில் கட்டிப்போட்ட காலம் ஒன்று இருந்தது. பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகச் சிறுவர் சிறுமியர் நாள் முழுவதும் உழைத்த வரலாற்றை மறத்தற்கில்லை. ஒரே வேலையைக் கூலிக்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளை கலை கற்பதில்லை. பிள்ளைப் பருவத்தையே இழக்கிறது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2016ஆம் ஆண்டு அதில் செய்யப்பட்ட திருத்தமும் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கின்றன. பள்ளி நேரம் போகக் குடும்பத்தார்க்கு உதவுவதைச் சட்டம் விலக்காக வைத்துள்ளது. ஆறு முதல் பதினான்கு வயது வரையில் கட்டாயக் கல்வி பெறும் உரிமை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வேலைக்கும் கலைப் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையை அறிய ஒரு கேள்வி போதும்: பயன் யாருக்குச் சேர்கிறது? பிள்ளைக்கே சேர்வது கல்வி. பிறர்க்குச் சேர்வது உழைப்பு.

பெற்றோரும் ஊராரும் செய்யத்தக்கவை

கலைப் பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டும் என்பதில்லை. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள், ஐந்து முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இசை, நடனம், ஓவியம் முதலியவற்றைக் கற்பிக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. இவற்றைப் பயன்படுத்திக்கொள்வது பெற்றோர் கடமை. கோயிலிலும் வாரத்தில் சில நாள், மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் கூடிப் பாட ஓரிடம் ஒதுக்கினால், அதனினும் சிறந்த பள்ளி வேறில்லை.

பயிற்சியில் கருத்திற்கொள்ளத் தக்கவை சில உண்டு. பிள்ளையின் விருப்பமறிந்து கற்பிக்க வேண்டும். பாட விரும்பாத குழந்தை வரைய விரும்பலாம். பரிசை முன்னிறுத்திப் போட்டியாக்கிவிடலாகாது. தோற்ற குழந்தை கலையையே வெறுத்துவிடும். ஆண் பெண் என்ற வேற்றுமை பாராட்டலாகாது. உறக்கத்தையும் பள்ளியையும் பறிக்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் சிறிது நேரம் என்னும் ஒழுங்கு வேண்டும். நூல் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தே சேலையாகிறது என்பதை நெசவாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

உத்ஸவம் முடிந்து அன்பர்கள் வீடு திரும்பும் வழியில், தோளில் இருந்த குழந்தை உறங்கிப் போயிருக்கும். மறுநாள் விடிந்ததும் அது கேட்ட வாத்தியத்தை வாயாலேயே வாசித்துப் பார்க்கும். வாசலில் விழுந்து கிடக்கும் தென்னை ஓலையைக் கிரீடமாகச் சூடிக்கொண்டு வீதியுலா நடத்தும். அவ்வேளையில், போய்ப் பாடம் படி என்று அதட்டாமல், சற்றே நின்று கேட்கும் பெற்றோர் அப்பிள்ளைக்கு முதல் ஆசிரியராகின்றனர். சகோதரியின் குமாரர்களை அருகில் அழைத்துத் தாளம் சொல்லிக் கொடுத்த நாதமுனிகள் காட்டிய நெறியும் அதுவே. அந்நெறியில் வளரும் பிள்ளைகள் அறிவிலும் அன்பிலும் ஓங்கி, பிறந்த ஊருக்கும் பெற்றோருக்கும் பெருமை சேர்ப்பர் என்பது திண்ணம்.